தவக்காலம், பெரிய வாரம், பாஸ்கா: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்தால் போதும், பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்) அலுவலக வாசலிலும், அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கும். மாற்றலாகி சேலத்துக்கு வந்தவர்கள், கல்யாணமாகி எங்கள் பங்குக்கு வந்த மருமகள்கள், பல வருடம் கோயில் பக்கம் வராமல் இப்போது வரலாமா என்று தயங்குகிறவர்கள், கூட வேலை பார்க்கும் இந்து, முஸ்லிம் நண்பர்கள் என்று கேட்பவர்கள் பலவிதம். அவர்களுக்காகப் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். தவக்காலம் என்பது ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலம், பெரிய வாரம் அதன் கடைசி வாரம், பாஸ்கா என்பது இயேசு உயிர்த்த ஈஸ்டர் விழா. நான் குருவானவர் அல்ல, அன்பியப் பொறுப்பில் இருக்கும் பங்கு உறுப்பினர். கத்தோலிக்க வழக்கத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்ட் சபையைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்குக் கோயில் நிரம்பி வழியும். மறுநாள் இரவு, அவர் உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்புக்கு அந்தக் கூட்டம் வராது. பாடுகளோடு நின்றுவிட்டு, உயிர்ப்பை ஞாயிறு பிரியாணியோடு முடித்துக்கொள்கிறோம். இது மாற வேண்டும் என்பது என் தீராத ஆசை. கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் அந்த ஆசை எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25-க்குள் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. நம் கணக்கில் பங்குனி, சில ஆண்டுகளில் சித்திரை தொடக்கம். பெரிய வியாழன் இரவில் நற்கருணைப் (இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம்) பவனி முடிந்து வெளியே வந்தால் நிலா முழுசாகவோ முக்கால்வாசியோ தெரியும். காரணம் இதுதான்.

40 நாள் என்கிறீர்கள், எண்ணினால் 46 வருகிறதே?

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46தான். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள், 40 வரும். எந்த ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு கிடையாது. தவக்காலத்தின் நடுவிலேயே வாரத்துக்கு ஒரு முறை உயிர்ப்பை நினைவுபடுத்தும் ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடும்கூட.

சாம்பல் புதனன்று விடுமுறை கிடையாது. எப்போது வருவது? பூசிய சாம்பலோடு வேலைக்குப் போகலாமா?

பெரும்பாலான ஆலயங்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று திருப்பலி (பூசை) இருக்கும். அது கட்டாயம் திருப்பலிக்கு வர வேண்டிய கடன் திருநாள் அல்ல, வர முடியாவிட்டால் குற்றம் இல்லை. ஆனாலும் வாருங்கள். நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, “மனிதனே, நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்” என்று குருவானவர் சொல்லும்போது, வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் பால் குடிக்கும் குழந்தைக்கும் பின்னால் நிற்கும் பாட்டிக்கும் அதே வார்த்தைதான். “மனம் மாறி நற்செய்தியை நம்பு” என்ற இன்னொரு வாக்கியமும் உண்டு.

சாம்பலை அழிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, வைத்துக்கொண்டே திரிய வேண்டும் என்றும் இல்லை. அன்றைய நற்செய்தியில் இயேசு, நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், மனிதர் பார்க்க நோன்பிருக்காதே என்றுதான் சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள். அந்தச் சாம்பல் போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலையிலிருந்து வருகிறது. படத்துக்குப் பின்னாலும் நிலைக்கதவின் மேலும் செருகி வைத்திருக்கும் காய்ந்த ஓலைகளை, சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறே கோயிலில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம்.

யார் யார் ஒருசந்தி (நோன்பு) இருக்க வேண்டும்? எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

திருச்சபைச் சட்டப்படி கட்டாய நோன்பு நாள்கள் இரண்டே இரண்டு: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்த எல்லோருக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இருக்க வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் சேலத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிலுவைப்பாதைக்கு நடந்துவந்து மயங்கி விழுகிறவர்களை அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் குடித்தால் நோன்பு முறியாது. கொலுசுப் பட்டறையில் அனல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும், ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களும் ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பதிலாக வேறொரு தவத்தை அவரே சொல்வார்.

40 நாளும் கவிச்சி சேர்க்கக் கூடாதா?

சாம்பல் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும் கூடாது. மற்ற நாள்கள் உங்கள் விருப்பம். சட்டம் சொல்வது இறைச்சியைத்தான், மீனை அல்ல. ஆனால் நம் வீடுகளில் மீனையும் முட்டையையும் சேர்த்தே விட்டுவிடுவது வழக்கம். 40 நாளும் மரக்கறிதான் என்று இருக்கும் குடும்பங்கள் எங்கள் அன்பியத்திலேயே உண்டு. அது நல்ல வழக்கம். அதைக் கடைப்பிடிக்காத பக்கத்து வீட்டாரைக் குறை சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, எதை விடுவது? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

விடுவது பாதிதான். விட்டதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மீதி. செபம், நோன்பு, அறச்செயல் மூன்றையும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சேர்த்தே சொல்கிறார்.

எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லும் எளிய வழி: சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தின்னும் காசை, சாம்பல் புதனன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அட்டை உண்டியலில் போடு. பீட்ரூட், கேரட் துருவல், புதினாச் சட்னி வைத்து அடுக்கிய தட்டுவடையைச் சேலத்துப் பிள்ளை ஒன்று ஆறு வாரம் தொடாமல் இருப்பது சாதாரண தவம் இல்லை. பெரியவர்களுக்கு நான் சொல்வது, இரவு ஒன்பது மணிக்கு மேல் செல்பேசியைத் தூக்கி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு ஒரு செபமாலை. குடியை விட நினைக்கிறவர்கள் இந்த 40 நாளை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக முயல வேண்டாம், ஃபாதரிடமும் மருத்துவரிடமும் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். நீண்ட நாள் குடித்தவர்கள் திடீரென நிறுத்துவது உடம்புக்கு ஆபத்து.

உண்டியல் பணம் பங்கின் ஏழைகளுக்கும், மறைமாவட்டத்தின் சமூகப் பணிகளுக்கும் போகிறது. கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் இந்தியாவும் தவக்காலத்தில் நாடு முழுக்க நிதி திரட்டுகிறது. பெரிய வெள்ளிக் காணிக்கை தனி. அது இயேசு வாழ்ந்த புனித பூமியின் ஆலயங்களுக்கும் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் அனுப்பப்படுவது.

வெள்ளிதோறும் சிலுவைப்பாதை எப்படி நடக்கும்? முழங்கால் போட முடியாது.

இயேசு சிலுவை சுமந்த வழியைத் தியானிக்கும் 14 நிலைகள். ஒவ்வொன்றுக்கும் போகும்போது ஒரு பாட்டு, நின்று ஒரு சிந்தனை, முழங்காலிட்டு ஒரு செபம், கடைசியில் “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது. முழங்கால் முடியாதவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பல பங்குகளில் ஒரு வெள்ளி கோயிலில், மற்ற வெள்ளிகளில் அன்பியத் தெருக்களில் என்று முறை வைத்துக்கொள்கிறோம். தெருவில் நடக்கும் சிலுவைப்பாதைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டு, முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, சிறிய பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரியும் வைத்திருப்பார்கள். ஒருமுறை ஆறாம் நிலை, வெரோணிக்கா இயேசுவின் முகம் துடைக்கும் நிலை, ஓர் இந்துக் குடும்பத்தின் வீட்டுக்கு முன்னால் வந்தது. அந்த வீட்டம்மா எங்களைக் கேட்காமலேயே வாசல் தெளித்து, ஒரு குடம் நீர்மோரும் டம்ளர்களும் கொண்டுவந்து வைத்தார். சிந்தனை வாசிக்க வேண்டிய பிள்ளை காகிதத்தை மடித்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. அதைவிடச் சிறந்த சிந்தனையை யாராலும் வாசித்திருக்க முடியாது.

போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நடங்கள், ஒலிபெருக்கியைக் குறைத்து வையுங்கள். மார்ச் மாதம் முழுக்கப் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பரீட்சை இருக்கும் பிள்ளைகளைக் கோயிலுக்கு வரச் சொல்லி வற்புறுத்தலாமா?

வேண்டாம். ஞாயிறு திருப்பலி போதும். பொறுப்பாகப் படிப்பதும் அவர்களுக்கு இப்போது தவம்தான். பெரிய வாரத்து மூன்று நாள்கள் மட்டும் குடும்பமாக வரப் பாருங்கள்.

தவக்காலத்தில் ஏற்காட்டுக்குத் தியானம் போக ஆசை. எங்கே போவது?

சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. கீழே 37, 38 டிகிரி கொதிக்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று வேறாக இருக்கிறது. ஏற்காட்டில் திரு இருதய ஆண்டவர் ஆலயம் இருக்கிறது, சி.எஸ்.ஐ.யின் பரிசுத்த திரித்துவ ஆலயமும் இருக்கிறது. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி உட்படத் துறவியர் நடத்தும் பள்ளிகளும், துறவற இல்லங்களும் உண்டு. குழுவாகத் தங்கித் தியானம் செய்வதானால் பங்குத்தந்தை மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நேராகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் மொத்தமாகப் பூத்துவிடும். கிளை நெடுக வெள்ளை வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை. மலையோ அதே நாள்களில் பூத்துக் கிடக்கிறது. வழியில் நின்று அந்தப் பூவின் பக்கத்தில் பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலே நல்ல தியானம். ஆனால் பறிக்காதீர்கள். ஒவ்வொரு பூவும் ஒரு காப்பிப் பழம், தோட்டத் தொழிலாளியின் கூலி.

இளைஞர் குழுவுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு சிலுவைப்பாதை என்று பெயர் வைத்து வேன் பிடித்துவிட்டு, பாதி நாள் படகுத் துறையிலும் வியூ பாயின்ட்டிலும் கழிப்பது தியானம் ஆகாது. சுற்றுலா போக வேண்டுமானால் ஈஸ்டருக்குப் பிறகு சந்தோஷமாகப் போகலாம். விடுமுறை நாள்களில் மலைப்பாதை நெரிசலாகிவிடும், குப்பனூர் வழியும் உண்டு. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் கொண்டுபோக வேண்டாம்.

பல வருடமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யவில்லை. திட்டுவார்களா?

மாட்டார்கள். இந்தக் கேள்வியை நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கிறவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். உள்ளே போய், “சாமி, இத்தனை வருடம் ஆயிற்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை” என்று சொல்லுங்கள். அது போதும், மீதியை அவர் நடத்திக்கொள்வார். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்துபோனால் சொல்லித் தருவார்.

பெரிய வாரத்துக்கு முன் ஒரு நாள் மாலையில், பக்கத்துப் பங்குகளிலிருந்து நாலைந்து குருக்கள் வந்து உட்காருவார்கள். உங்களைத் தெரியாத குருவிடம் செய்ய விரும்பினால் அந்த நாள் வாருங்கள். பெரிய வெள்ளி மதியம் வரை தள்ளிப்போட வேண்டாம், வரிசை நீண்டுவிடும்.

இந்த நாள்களில் கல்யாணம் வைக்கலாமா?

தவக்காலத்தில் வைப்பதில்லை என்பது வழக்கம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், வெளிநாட்டு விசா, உயிருக்குப் போராடும் பெற்றோர் என்று எதுவாக இருந்தாலும், ஃபாதரிடம் பேசுங்கள். ஆடம்பரம் இல்லாமல் நடத்த வழி கிடைக்கலாம். பெரிய வெள்ளியும் சனியும் எக்காரணம் கொண்டும் கிடையாது. மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் கோயிலுக்கு வந்து கேட்காதீர்கள்.

மரணம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பெரிய வியாழன் முதல் சனி வரை அடக்கத் திருப்பலி கிடையாது, ஆனால் செபமும் மந்திரிப்பும் அடக்கமும் உண்டு. யாரும் கலங்க வேண்டாம்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை நாங்கள் கொண்டுவர வேண்டுமா?

தென்னங்குருத்து கோயிலிலேயே கொடுப்பார்கள். தோப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் முந்தைய நாள் வெட்டிக் கொண்டுவந்து போடுவார்கள். ஏற்காட்டுக்குக் கீழேயிருந்து வண்டியில் ஏறிப் போகும். சனி மாலை பீடச் சிறுவர்களும் மரியாயின் சேனை என்ற பக்திக் குழுவின் பெண்களும் உட்கார்ந்து ஓலையைக் கிழித்துக் கட்டுவார்கள். சும்மா வந்து உட்காருங்கள், ஒரு மணி நேரத்தில் ஓலைச் சிலுவை முடையக் கற்றுக்கொள்ளலாம். ஈர்க்கை நீக்கி, நுனியை மும்முறை மடித்து, குறுக்கே சொருகி இழுத்தால் சிலுவை. கற்றுக்கொண்டவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான அன்று குருவானவரின் திருவுடை சிவப்பு. “ஓசன்னா” பாடிப் பவனி வந்த கொஞ்ச நேரத்திலேயே பாடுகளின் வரலாற்றை வாசிப்பார்கள். நீளமானது. முதியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அதே கூட்டத்தின் வாயில் “ஓசன்னா” என்பதும் “சிலுவையில் அறையும்” என்பதும் ஒரே காலையில் வருவதைக் கவனித்துக் கேளுங்கள்.

பெரிய வியாழன் பாதம் கழுவுவதற்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெண்களும் உட்காரலாமா?

உட்காரலாம். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துக் குருவானவர் செய்யும் சடங்கு இது, 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதன் விதியை மாற்றினார். அதுவரை ஆண்கள் மட்டும்தான். அன்பியத்துக்கு ஒருவர் என்று பெயர் கேட்பார்கள், எண்ணிக்கை பெரும்பாலும் 12. வசதியானவர்களையும் பங்குப் பேரவை உறுப்பினர்களையுமே திரும்பத் திரும்ப உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை செய்யும் அக்கா, வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி, மாற்றுத்திறனாளி என்று பெயர் கொடுங்கள். கூச்சப்படுவார்கள், கூட இருந்து தைரியம் சொல்லுங்கள்.

அன்று வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டின்போது மணிகள் ஒலிக்கும், அதோடு சரி. சனி இரவு வரை மணிச்சத்தம் கிடையாது, மரப்பலகையைத் தட்டுவார்கள். திருப்பலி முடிந்ததும் நற்கருணையைப் பவனியாக வேறு பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பெரிய பீடத்தின் துணியைக்கூட எடுத்துவிடுவார்கள். நள்ளிரவு வரை அன்பியம் அன்பியமாக ஆராதனை. பெயர்ப் பட்டியலில் உங்கள் அன்பியத்துக்கு இரவு 11 மணி விழுந்தால் முணுமுணுக்காதீர்கள். “ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா” என்று சீடர்களிடம் கேட்ட இயேசுவின் இரவு அது.

பெரிய வெள்ளியன்று ஏன் பூசை இல்லை?

ஆண்டில் அந்த நாளும் மறுநாள் பகலும் மட்டும்தான் உலகத்தில் எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் திருப்பலி நடக்காது. பிற்பகல் மூன்று மணி அளவில் ஆண்டவருடைய பாடுகளின் வழிபாடு. யோவான் எழுதிய பாடுகள், அதன்பின் பத்துப் பெரிய மன்றாட்டுகள், திருச்சிலுவை ஆராதனை, முந்தைய நாள் திருப்பலியில் அர்ச்சித்து வைத்த நற்கருணை. அந்தப் பத்து மன்றாட்டுகளைக் கூர்ந்து கேளுங்கள். திருத்தந்தை, திருச்சபை என்று தொடங்கி, யூதர்கள், கிறிஸ்துவை நம்பாதவர்கள், கடவுளையே நம்பாதவர்கள், நாட்டை ஆள்பவர்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள் என்று ஒருவரையும் விடாமல் போகும்.

சிலுவை முத்தம் செய்ய நெடுநேரம் ஆகும். குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கு வழிவிடுங்கள். முடிந்ததும் பல கோயில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். நோன்பு விடுவது அதில்தான். அமைதியாக வீட்டுக்குப் போங்கள். அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டதாக மட்டும் நினைக்காதீர்கள்.

சி.எஸ்.ஐ. சபையில் எப்படி? நாங்கள் வரலாமா?

தாராளமாக. சேலத்தில் இரண்டு சபைகளிலும் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். இங்கே தவக்காலம் என்பது அங்கே லெந்து நாள்கள். வீடுகளிலும் ஆலயத்திலும் மாலைக் கூட்டங்கள் இருக்கும். பெரிய வெள்ளிக்கு நண்பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். இந்த ஏழும் ஒரே நற்செய்தியில் இல்லை, நான்கிலிருந்தும் சேர்த்தவை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் செய்தி கொடுப்பார், சபையாரில் பெண்களும் இளைஞர்களும்கூட. அங்கே போய்விட்டு மூன்று மணிக்கு எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்பே ஆராதனை தொடங்கிவிடும். 1875இல் அர்ச்சிக்கப்பட்ட கிறிஸ்து நாதர் ஆலயத்தைப் பார்க்காதவர்கள் அந்தச் சாக்கில் பார்த்துவிடலாம்.

சேலத்துக்குக் கிறிஸ்தவம் எப்போது வந்தது?

இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். காவி உடுத்தி, ஒரு வேளை மரக்கறி உணவோடு சந்நியாசியாக வாழ்ந்தவர். அவருக்கு ஆண்டு முழுவதுமே தவக்காலம்தான். லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பு இங்கே பணி தொடங்கியது 1827இல். சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது. குழந்தை இயேசு பேராலயம் அதன் தலைமைக் கோயில். பெரிய வாரத்தில் ஆயர் மறைமாவட்டக் குருக்களோடு எண்ணெய்களை மந்திரிக்கும் திருப்பலி அங்கேதான் நடக்கும். அதற்கு மக்களும் போகலாம், பலருக்கு இது தெரிவதில்லை.

பாஸ்கா திருவிழிப்பு ராத்திரியில் ரொம்ப நேரம். காலைப் பூசைக்கு வந்தால் போதாதா?

கடமைக்குப் போதும். ஆனாலும் இரவுக்கு வாருங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இருட்டிய பிறகுதான் தொடங்கலாம் என்பது விதி. பல ஆலயங்களில் 10:30 அல்லது 11 மணி. கோயில் விளக்குகள் அத்தனையும் அணைத்திருக்கும். வெளியே முற்றத்தில் புதுத் தீ மூட்டி மந்திரிப்பார்கள். பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் சிலுவை, கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகள், அந்த ஆண்டின் நான்கு எண்கள் பதித்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் குத்தி, அந்தத் தீயில் ஏற்றுவார்கள். குருவானவர் அதைத் தூக்கிக்கொண்டு இருட்டுக் கோயிலுக்குள் நுழைந்து “கிறிஸ்துவின் ஒளி இதோ” என்று மூன்று முறை பாடுவார். அந்த ஒரே சுடரிலிருந்து பக்கத்தில் உள்ளவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று எல்லோர் கையிலும் திரி பற்றிக்கொள்ளும். தெரியாத மனிதர் உங்கள் பக்கம் திரும்பித் திரியைச் சாய்த்துப் பிடிப்பார், அணைந்துபோனால் மறுபடி பற்றவைத்துக் கொடுப்பார். ஒரு பங்கு என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் வாசகங்கள். பழைய ஏற்பாட்டில் ஏழு, புதியதில் இரண்டு. நேரம் கருதிக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை விடவே கூடாது. படைப்பில் தொடங்கி, ஆபிரகாம், செங்கடல், இறைவாக்கினர்கள் என்று மனித வரலாறு முழுவதையும் இருட்டில் உட்கார்ந்து கேட்கிறோம். அது முடிந்து வானவர் கீதம் எழும்போது, வியாழன் முதல் வாய்மூடி இருந்த மணிகள் ஒலிக்கும். விளக்குகள் எரியும், பீடத்தில் பூ வரும், 40 நாள் சொல்லாத அல்லேலூயா வரும். அது எந்த உணர்வு என்பது பெரிய வெள்ளியும் வந்து, இந்த இரவும் வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

புதிதாகத் திருமுழுக்குப் பெறுபவர்கள் இருந்தால் அன்றுதான் பெறுவார்கள். நாமும் திரி ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். குழந்தைகள் தூங்கிவிட்டால் தூங்கட்டும், ஒரு போர்வை கொண்டுவாருங்கள். மணி அடிக்கும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள். திரும்பிப் போக வண்டி இல்லாதவர்களுக்காக அன்பியத்தில் முன்கூட்டியே பேசி ஆட்டோவோ காரோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். எங்கள் பங்கில் அப்படித்தான் செய்கிறோம், தனியாக இருக்கும் முதியவர்களைக் கூட்டிவந்து கொண்டுபோய் விட இளைஞர்களுக்குத் தெரு பிரித்துக் கொடுக்கிறோம். மேலே மலையில் இரவு குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிறிஸ்தவர் அல்ல. வரலாமா? என்ன செய்யக் கூடாது?

எல்லா வழிபாட்டுக்கும் வரலாம். சாம்பல் பூசிக்கொள்ளலாம், சிலுவை முத்தம் செய்யலாம், திரி ஏந்தலாம், கஞ்சி குடிக்கலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கர்களுக்கு. அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு வரிசையில் வந்தால் ஆசீர் கொடுப்பார்கள். செருப்பை எங்கே விடுவது என்பது கோயிலுக்குக் கோயில் மாறும், முன்னால் போகிறவரைப் பாருங்கள். 2026இல் சாம்பல் புதனும் ரமலான் நோன்பின் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு நோன்பாளிகள் ஒரே அலுவலகத்தில் இருந்தால் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லவே இல்லை. தவக்காலம் 40 நாள், பாஸ்கா காலம் 50 நாள். தூய ஆவியார் இறங்கிவந்த விழாவான பெந்தக்கோஸ்து வரை நீளும். 40 நாள் நோன்பைக் கணக்காக இருக்கும் நாம் 50 நாள் மகிழ்ச்சியை ஒரே மதியச் சாப்பாட்டில் முடித்துவிடுகிறோம்.

என்ன செய்யலாம்? சனி இரவு மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய் வீட்டில் தெளியுங்கள், படுத்திருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கும் கொண்டுபோங்கள். எட்டாம் நாள் இறை இரக்க ஞாயிறு. தவக்காலத்தில் பேச்சு நின்றுபோன சொந்தக்காரரிடம் பேச முடியாமல் போயிருந்தால் இந்த 50 நாளுக்குள் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள், மாம்பழம் வந்துவிடும், கையில் கொண்டுபோகச் சரியாக இருக்கும். மே மாதம் முழுக்க மாதா வணக்கம், அன்பியத்தில் வீடு வீடாகச் செபமாலை. பிள்ளைகளின் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது), உறுதிபூசுதல், விடுமுறை மறைக்கல்வி எல்லாம் இந்த நாள்களில்தான் வரும். பாஸ்கா திரி பெந்தக்கோஸ்து வரை பீடத்தருகே எரியும். அதன்பின் திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் அதே திரியை ஏற்றுவார்கள்.

சேலத்துக்குப் புதிதாக வந்திருக்கிறோம். பங்கில் எப்படிச் சேர்வது?

உங்கள் பகுதி எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறது என்று பக்கத்துக் கோயிலில் கேளுங்கள். பழைய பங்கிலிருந்து ஒரு கடிதம், குடும்ப அட்டை இருந்தால் அது, திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ் நகல்கள் போதும். வாடகை வீடு என்றாலும், ஆறு மாதத்தில் மாற்றலாகிவிடும் என்றாலும் பதிவு செய்யுங்கள். சந்தா கொடுக்க முடியாதவர்கள் அதற்காக வராமல் இருக்க வேண்டாம், ஃபாதரிடம் தனியாகச் சொன்னால் போதும். பதிவு செய்த உடனே உங்கள் தெருவின் அன்பியப் பொறுப்பாளரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழிப்புக்கு வண்டி வேண்டுமா, பாதம் கழுவ யாருடைய பெயரைக் கொடுப்பது, எந்த வெள்ளி உங்கள் வாசலில் சிலுவைப்பாதை என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.